மனோரமாவை ஏன் பெரிய நடிகை என்கிறார்கள்?

"மனோரமா 1500 படங்களில் நடித்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் டிவியில் பார்த்தவரை அழுகிற அம்மா, சத்தம் போடுகிற பாட்டி, இரண்டுதான். எண்ணிக்கையைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கை உண்மையா என்பது ஒன்று. அத்தனை படங்களிலும் அவர் செய்தது ஒரே வேலைதானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சினிமா வரலாற்று ஆய்வாளன் இல்லை. சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டி, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் டப்பிங் கலைஞர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறவன். அதனால் நடிப்பை முகத்தைவிடக் காதால்தான் அதிகம் அளக்கிறேன். அவருடைய முகபாவம், உடல்மொழி பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். குரலைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசுவேன்.

எண்ணிக்கைக்கு வருவோம். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'தான் திரைக்கு வந்த அவருடைய முதல் தமிழ்ப் படம். 1985இல் ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காக கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. கணக்குப் போட்டால் 27 வருஷத்தில் வருஷத்துக்கு 37 படம் வருகிறது. கேட்டால் நம்ப முடியாது. ஆனால் அன்றைய கோடம்பாக்கம் வேலை செய்த விதம் தெரிந்தால் நம்பலாம். தமிழ்ப் படம் மட்டுமல்ல, தெலுங்கு, கன்னட, மலையாளப் படங்களில் பெரும்பகுதியும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. ஏவி.எம்., வாஹினி எல்லாம் வடபழனி வட்டாரத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கதாநாயகி மாதிரி குணச்சித்திர நடிகை ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. சில நாள் கால்ஷீட் போதும். காலையில் ஒரு தளத்தில் நாகேஷோடு சண்டை, மத்தியானம் வேறொரு தளத்தில் தெலுங்கு வேஷம், ராத்திரி மூன்றாவது படம் என்று ஓடியவர்கள் அன்று நிறைய பேர். அதனால் ஆயிரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1500 என்பதைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். சில இடங்களில் 1200 என்று எழுதுகிறார்கள், சில இடங்களில் 1500. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நம் பேச்சுக்கு அதனால் ஒன்றும் மாறப்போவதில்லை.

அதேபோல் "ஐந்து முதலமைச்சர்களோடு சினிமாவில் நடித்தவர்" என்று ஒரு வாக்கியம் சுற்றி வருகிறது. அதிலும் ஒரு திருத்தம் தேவை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் மூவருடனும் சினிமா. அண்ணாவோடும் கருணாநிதியோடும் நடித்தது நாடக மேடையில். இந்த வித்தியாசத்தை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், மனோரமாவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் மேடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இயற்பெயர் கோபிசாந்தா. 1937இல் மன்னார்குடியில் பிறந்தார். அப்பா கைவிட்டுவிட, அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செய்து வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதுவாக்கில் நாடகத்துக்குப் போனார். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். இந்தப் பின்னணியில் என் தொழில் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஊர். மன்னார்குடி தஞ்சாவூர்ப் பேச்சு. பள்ளத்தூர் செட்டிநாட்டுப் பேச்சு. சின்ன வயதிலேயே ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்கு மாற வேண்டிவந்த குழந்தைக்கு, தமிழ் ஒன்றல்ல, பல என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவிடும். வீட்டு வேலை செய்கிறவரின் மகள் என்பதால் எஜமானிகள் ஒரு விதமாகவும் வேலைக்காரர்கள் ஒரு விதமாகவும் பேசுவதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். அவரைக் கடைசிவரை எல்லோரும் 'ஆச்சி' என்றே கூப்பிட்டார்கள். ஆச்சி என்பது செட்டிநாட்டில் பெரிய பெண்மணிகளை மரியாதையாக அழைக்கும் சொல். பிறந்த ஊரைவிட வளர்ந்த ஊரின் பேச்சு அவர்மேல் அவ்வளவு ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது, மேடைக் குரல். அன்றைய கம்பெனி நாடகத்தில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் வசனம் கேட்க வேண்டும். பாடவும் தெரிய வேண்டும். இப்படிப் பழகியவர்களுக்கு மூச்சு வயிற்றிலிருந்து வரும். நீளமான வசனத்தின் நடுவில் மூச்சு உடையாது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு சினிமாவுக்கு வந்த பலர் மைக் முன்னாலும் அதே உரத்த குரலில் பேசிக் காதைக் குடைந்தார்கள். மனோரமா எப்போது குரலைத் திறக்க வேண்டும், எப்போது அடக்க வேண்டும் என்று இருபத்தைந்து முப்பது வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டார். நீங்கள் டிவியில் பார்த்த "சத்தம் போடுகிற பாட்டி", சத்தம் போடச் சொல்லி எழுதப்பட்ட பாட்டி. அடக்கிப் பேசிய மனோரமாவை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கதாநாயகியாகவும் அவர் நடித்தார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் அவர்தான் நாயகி. ஆனால் அந்தப் பாதை நீளவில்லை. முதல் படத்தில் நகைச்சுவை வேஷத்துக்குத் தயங்கியபோது, கதாநாயகியாக இருந்தால் சில வருஷம்தான், நகைச்சுவை என்றால் நீண்ட காலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதாக மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது நடந்தபடியே நினைவில் நின்றதா, பின்னாளில் மெருகேறியதா என்பது வேறு விஷயம். சொன்ன கணக்கு மட்டும் பலித்துவிட்டது.

அவருக்கு முன்னால் இருந்த நகைச்சுவை நடிகைகளை நினைத்துப் பாருங்கள். என்.எஸ்.கிருஷ்ணனோடு டி.ஏ.மதுரம், காளி என்.ரத்னத்தோடு சி.டி.ராஜகாந்தம், தங்கவேலுவோடு எம்.சரோஜா. எல்லோரும் பெரிய திறமைசாலிகள். ஆனால் பெயரைச் சொன்னவுடனே பக்கத்தில் ஓர் ஆணின் பெயரும் வருகிறது, பாருங்கள். அது அவர்கள் குறையில்லை. நகைச்சுவை 'டிராக்' அப்படித்தான் எழுதப்பட்டது. மனோரமாவும் நாகேஷோடு எவ்வளவோ படங்கள் செய்தார். சோவோடு செய்தார், தேங்காய் சீனிவாசனோடு செய்தார். ஆனால் எவருடைய ஜோடியாகவும் அவர் நின்றுவிடவில்லை. ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் இருந்தார். அவருடைய தொழில் வாழ்க்கையில் எண்ணிக்கையைவிடப் பெரிய சாதனையாக நான் இதைத்தான் நினைக்கிறேன். இத்தனைக்கும் திருமண வாழ்க்கை சீக்கிரமே முறிந்து, கைக்குழந்தையோடு, அம்மாவின் துணையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கும் வீட்டுக்கும் ஓடிய காலம் அது.

சரி, இப்போது குரல். என் வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பேன். திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓடவிட்டு, "இந்தப் பெண் எந்த ஊர், என்ன வயது, என்ன தொழில், இப்போது யார் முன்னால் நிற்கிறாள்?" என்று கேட்பேன். நிறைய நடிகர்களுக்கு மாணவர்கள் நடிகரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மற்றதைச் சொல்ல மாட்டார்கள். மனோரமாவுக்குப் பெயரையும் சொல்வார்கள், ஊரையும் சொல்வார்கள்.

நான் எப்போதும் சேர்த்துப் போட்டுக் காட்டுவது இரண்டு பாட்டுகள். 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தின் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட'. 1973இல் வந்த 'சூரியகாந்தி'யின் 'தெரியாதோ நோக்கு தெரியாதோ'. இரண்டும் முக்தா சீனிவாசன் இயக்கிய படங்கள், இரண்டிலும் சோ இருக்கிறார், இரண்டையும் பாடியது மனோரமாதான். முதல் பாட்டு அசல் மெட்ராஸ் பாஷை. இரண்டாவது அக்கிரகாரப் பேச்சு. வட்டாரப் பேச்சு என்றால் நாலு அடையாளச் சொற்களை வாங்கிப் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 'இன்னா' என்றால் மெட்ராஸ், 'நோக்கு' என்றால் மடிசார், 'ஏனுங்க' என்றால் கொங்கு. சொல் மாறும், ஆனால் அடியில் ஓடுகிற ராகம் நடிகருடைய சொந்த ஊர் ராகமாகவே இருக்கும். அந்த ஊர்க்காரர் கேட்டால் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மனோரமா ராகத்தையே மாற்றினார். மெட்ராஸ் பாட்டில் அழுத்தம் சொல்லின் தலையில் விழுகிறது, வால் வெட்டுப்படுகிறது, தாடை தளர்ந்து, ரோட்டில் நின்று எதிர்ச்சாரிக் கடைக்காரரிடம் பேசுகிற குரல். மற்றதில் அதே தொண்டை மேலே ஏறி மூக்கோரமாக நிற்கிறது. சொல்லின் கடைசி உயிரெழுத்தை இழுத்துச் சுழற்றுகிறார். ஒருவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று பேசுகிற தொனி. அது மட்டுமல்ல, இரண்டும் பாட்டு. தாளத்துக்குள் நின்றுகொண்டு பேச்சின் ராகத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1994இல் ஏ.ஆர்.ரஹ்மான் 'மே மாதம்' படத்துக்காக 'மெட்ராஸ சுத்திப் பாக்கப் போறேன்' பாட்டுக்கு அவர் குரலைக் கூப்பிட்டபோது அவருக்கு 57 வயது நெருங்கியிருந்தது. அந்த மெட்ராஸ் பாஷை 26 வருஷம் கழித்தும் துருப்பிடிக்கவில்லை. சின்னப் பெண்ணின் துள்ளல் போய், அனுபவப்பட்ட பெண்ணின் கித்தாப்பு வந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஜில் ஜில் ரமாமணி. 1968இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒரு திருவிழாவே நடக்கிற படம். எல்லோரும் உச்சத்தில் இருக்கிறார்கள். அதில் ரமாமணியாக வரும் மனோரமா கொஞ்ச நேரமே இருந்து, படம் முடிந்து வெளியே வரும் எல்லோர் வாயிலும் தன் பேரை வைத்துவிட்டுப் போகிறார். ஆட்டக்காரி, நாடகக் கம்பெனி நடத்துகிறவள். உயர்ந்த கலை, தாழ்ந்த கலை என்று ஊர் வைத்திருக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவள். அந்த வேஷத்தை இன்னொருவர் செய்திருந்தால் வெறும் குலுக்கலோடு முடிந்திருக்கும். மனோரமா அந்தப் பெண்ணுக்கு ஒரு வெள்ளந்தித்தனம் வைத்தார். நாதஸ்வர வித்துவான் முன்னால் அவள் பேசும்போது குரலில் மூன்று விஷயம் ஒன்றாகக் கேட்கும்: கலைஞன் மேல் பக்தி, ஆண் மேல் ஒரு சின்ன ஆசை, இது நமக்குக் கிடைக்காது என்கிற தெளிவு. அந்த மூன்றாவது வசனத்தில் எழுதப்பட்டிருக்காது. வாக்கியத்தின் கடைசியில் குரல் லேசாகத் தணிந்து சிரிப்பாக மாறும் இடத்தில் இருக்கிறது. கம்பெனி மேடையில் வளர்ந்த ஒருவர், கம்பெனி மேடைப் பெண்ணாக நடித்தார். வெளியிலிருந்து பார்த்துக் கேலி செய்யாமல் உள்ளேயிருந்து பேசினார். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெயர் புழங்குகிறது.

எண்பதுகளில் நகைச்சுவையிலிருந்து அம்மா, வேலைக்காரி, பாட்டி என்று வேஷங்கள் நகர்ந்தன. நீங்கள் குறை சொல்லும் காலம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் நாயகனின் தாயாக அவரை அழவைத்தே தீருவது என்று பல கதைகள் எழுதப்பட்டன. காட்சி பலவீனமாக இருக்கும் இடத்தில் மனோரமா அழுதால் தியேட்டர் அழும் என்று இயக்குநர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரும் குறை வைக்காமல் அழுதார். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கும் அலுப்புத் தட்டும். ஆனால் அதே வருஷங்களில் என்னென்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும்.

1986இல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. வேலைக்காரி கண்ணம்மா. வீட்டுப் பெண்ணின் காதலனுடைய அப்பாவிடம் போய் அவர் மோதும் காட்சியும், கோபத்தை அடக்கிக்கொள்ளத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் 'கண்ணம்மா, கம்முனு கெட'வும் ஊர் முழுக்கப் பேசப்பட்டன. ஒரு தடவை அந்தக் காட்சியைத் திரை இல்லாமல் கேளுங்கள். ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும் உள்ளே அடங்க மறுக்கிற கோபத்தின் அளவு வேறு வேறாக இருக்கும். ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்லிச் சிரிக்கவைப்பது எளிது. திரும்பச் சொல்லும்போதெல்லாம் கதையை ஒரு படி ஏற்றுவது எளிதில்லை.

1988இல் ஏவி.எம். 'பாட்டி சொல்லைத் தட்டாதே' எடுத்தபோது படத்தின் பெயரே அவருடைய வேஷம். ஐம்பதைத் தாண்டிய ஒரு துணை நடிகையை நம்பி ஒரு பெரிய நிறுவனம் படம் எடுத்தது. அடுத்த வருஷம் பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை'. அதற்குத்தான் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பத்மஸ்ரீ 2002இல்தான் வந்தது. 1990இல் 'நடிகன்' படத்தில் கல்யாணமாகாமல் வயதாகிவிட்ட ஒரு பெண், கிழவர் வேஷம் போட்டு வரும் சத்யராஜை நிஜக் கிழவர் என்று நம்பி மனதைப் பறிகொடுக்கிறாள். கதை அவளை வைத்துச் சிரிக்கிறது; மனோரமா அந்தப் பெண்ணுக்கு வெட்கப்படும் உரிமையைக் கொடுக்கிறார். பேச்சில் பதினெட்டு வயது எட்டிப் பார்க்கும். அழுகிற அம்மா, சத்தம் போடுகிற பாட்டி என்ற உங்கள் இரண்டு பெட்டிகளிலும் இவள் அடங்க மாட்டாள். 1992இல் 'சின்ன கவுண்டர்', கொங்கு நாட்டுத் தாய். அதே அம்மா வேஷம்தான், ஆனால் வாக்கியத்தை மெத்தென்று கீழே இறக்கி வைக்கும் அந்த மண்ணின் பேச்சு. முன்பல் துருத்தி நிற்கும் ஒப்பனையோடு சொல் தெளிவாக வர வேண்டிய சிரமம் வேறு. பல் வைத்துக்கொண்டு பேசுவது எப்படி என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் படம் இதுதான். 1996இல் 'இந்தியன்'. கணவனை இழந்த ஏழைப் பெண்ணாக, லஞ்சம் கேட்கும் அலுவலகத்தில் குமுறுவார். சில நிமிஷக் காட்சி. அவர் அழவில்லை, காறித் துப்புவது மாதிரி பேசுவார். அழுகைக்குப் பேர்போனவர் அழாமல் நின்றதால்தான் அந்தக் காட்சி அடிக்கிறது.

தொலைக்காட்சியைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் தொடர்களிலும் நடித்தார். ஆனால் வேகமாக எடுக்கப்பட்ட அந்தப் பணிகளில் அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்துச் செலவழித்தார் என்பதுதான் என் அபிப்பிராயம். அவரை வீட்டுக்கு வீடு பாட்டியாக்கியது டிவி. அவருடைய நடிப்பின் சரக்கு மேடையிலும் சினிமாவிலும்தான் இருக்கிறது. நீங்கள் முதலில் டிவியில் பார்த்ததால்தான் இந்தக் கேள்வியே வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

மற்ற மொழிகளிலும் அவர் நடித்தார். மெஹ்மூத்தோடு 1974இல் இந்தியில் 'குன்வாரா பாப்', 2009இல் தெலுங்கில் 'அருந்ததி' என்று. அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த மொழிகளின் வட்டார ராகம் என் காதில் ஏறியதில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதப்பட்ட நகைச்சுவையில் ஒரு பகுதி இன்று கேட்கச் சங்கடமாக இருக்கும். பெண்ணின் தோற்றம், வயது, கல்யாண ஆசை இவற்றை வைத்துச் சிரிக்கவைப்பது. அவர் மறுத்திருக்கலாமே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். குடும்பத்தைத் தாங்க வேண்டிய ஒரு பெண், வருஷத்துக்கு முப்பது படம் செய்கிறவர், அன்றைய கோடம்பாக்கத்தில் எவ்வளவு மறுத்திருக்க முடியும் என்று நான் யோசிக்கிறேன். ஆனால் கேலிக்கென்றே எழுதப்பட்ட பெண்களுக்கும் அவர் குரலில் ஒரு ரோஷத்தை வைத்தார். திட்டு வாங்கும்போதுகூட முழுசாகக் குனிய மாட்டார். கடைசி வார்த்தை முணுமுணுப்பாகவாவது அவருடையதாக இருக்கும்.

2015 அக்டோபர் 10ஆம் தேதி சென்னையில் இறந்தார். அதற்குச் சில வருஷம் முன்புவரைகூட 'சிங்கம்' மாதிரிப் படங்களில் பாட்டியாக வந்துகொண்டுதான் இருந்தார்.

நீங்கள் எங்கே தொடங்கலாம் என்றால், முழுப் படமாக 'தில்லானா மோகனாம்பாள்' பாருங்கள். அடுத்து ஒரே ராத்திரியில் 'வா வாத்தியாரே'வையும் 'தெரியாதோ நோக்கு'வையும் ஹெட்போன் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மாற்றி மாற்றி மூன்று தடவை கேளுங்கள். அப்புறம் கண்ணம்மா காட்சி, அப்புறம் 'நடிகன்'. அழுகிற அம்மா படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் வந்தால் அந்த அழுகையிலும் எந்த ஊர்ப் பெண் அழுகிறாள் என்று உங்கள் காதுக்குக் கேட்கத் தொடங்கும்.